சவாதியம்மாவின் முகவரி

நைரோபியின் ஓரத்தில், கங்கேமி மேட்டில் விடிவதற்கு முன்பே மத்தாத்து என்கிற ஷேர் வேன்காரன் தகரத்தைத் தட்டித் தட்டிக் கூவ ஆரம்பித்துவிடுவான். ஜூலை மாதக் குளிர் எலும்புக்குள் இறங்கியிருக்கும். வண்டிக்குள் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில். கட்டட வேலைக்குப் போகிறவன், வீடு வீடாகத் துணி துவைக்கப் போகிறவள், அவர்களுக்கு நடுவே பொய் எழுதப் போகிற நான். மூன்றும் கூலி வேலைதான். என்ன, எனக்கு மட்டும் சட்டை அழுக்காகாது.

என் பெயர் சியோம்புவா. நைரோபியில் ஒரு டயர் கடைக்கு மேலே நாலாவது மாடியில் இருக்கிறது கச்சாஞ்சாவின் விளம்பர அலுவலகம். லிஃப்ட் செத்துப் பல காலம். ரப்பர் நாற்றத்தை மூச்சில் இழுத்துக்கொண்டு மாடியேறிப் போனால், வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். சாயங்காலம் வரை பிள்ளை செத்தாலும் சேதி வராது.

உள்ளே நாங்கள் நாலு பேர். அக்கேயோ அக்கா, சிமியு, கெருபோ, நான். நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பொம்பளை. அவள்தான் சவாதியம்மா.

கச்சாஞ்சா விளம்பரம் செய்து விற்றுக்கொடுக்கும் கேஸ் அடுப்பு, சவாதி அடுப்பு. சின்ன சிலிண்டரின் தலையிலேயே பர்னரைப் பூட்டி விற்கிறார்கள். கரி வாங்கிக் கட்டுப்படியாகாத ஏழை வீடுகளில் எல்லாம் இப்போது அதுதான். வாங்கியவர்கள் கைப்பேசியில் எதையாவது எழுதிக் கேட்டால், பாசமாகப் பதில் சொல்லுவாள் சவாதியம்மா. விளம்பரப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவள் யாரோ ஒரு மாடல். பேசுகிறவர்கள் நாங்கள். உகாலிக் களி அடிப்பிடிக்காமல் கிண்டுவது எப்படி, சுக்குமாக் கீரை பச்சை மாறாமல் வதக்குவது எப்படி என்று வெறும் வயிற்றோடு உட்கார்ந்து எழுதுவோம். மணிக்கட்டு வீங்கும், கண் எரியும், சவாதியம்மாவுக்கு மட்டும் சிரிப்பு குறையக் கூடாது.

அவளுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. 'மகளே' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். 'கசிவு' என்ற வார்த்தையை எழுதவே கூடாது. 'உங்க வீடு எங்கம்மா இருக்கு?' என்று யாராவது கேட்டால், 'உன் சமையலறையிலதான் மகளே' என்று சொல்ல வேண்டும். அலுவலக முகவரியை வெளியே சொன்னால் சீட்டு கிழிந்தது.

கேள்விக்குத் தானே பதில் எழுதும் கணினி இயந்திரம் வந்த பிறகு கூலியைப் பாதியாக்கிவிட்டார் கச்சாஞ்சா. "மெஷின்தானே எழுதுது? நீங்க சும்மா தடவிக் குடுக்கறீங்க" என்றார். இயந்திரம் எழுதியதைப் படித்தால் சவத்தோடு பேசுவது போல இருக்கும். அதற்கு உயிர் கொடுத்தது நாங்கள். அந்த உயிருக்குக் கூலி கிடையாதாம்.

அன்றைக்குக் கெருபோவின் நாற்காலி காலி. காரணம் எங்களுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்தபோது அவள் கைப்பேசி அலறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது அவள் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. கெருபோவின் அம்மா கங்கேமியில் சப்பாத்தியும் பீன்ஸும் விற்கிறவள். அவளுடைய சவாதி அடுப்பு குபீரென்று பற்றிக்கொண்டது. இரண்டு கையும் முகமும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அலுவலகச் சலுகை விலையில் அந்த அடுப்பை ஆசையாக வாங்கிக்கொடுத்ததே கெருபோதான்.

அக்கேயோ அக்கா முந்தின நாள் செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இங்க வந்து பாருடி" என்றாள். குரலே சரியில்லை.

கங்கேமியிலிருந்து யாரோ கேட்டிருந்தார்கள். எண்ணில் பாதியை மறைத்துத்தான் எங்களுக்குக் காட்டுவார்கள். யார் என்று தெரியாது. ஆனால் எழுதியிருந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'அம்மா, அடுப்புல அழுகின முட்டை வாசம் வருது. எம்மகளுக்கு போன் போட்டேன், எடுக்கல. சப்பாத்திக்கு மாவு பெசஞ்சு வச்சிருக்கேன், ஆளுங்க காத்திருக்காங்க. பத்த வைக்கலாமா?'

கீழே சவாதியம்மாவின் பதில். 'மகளே, புது அடுப்புக்குப் புது வாசம். புதுப் பொண்ணு மாதிரி, ரெண்டு நாள்ல பழகிடும். தைரியமா பத்த வை!'

அந்தப் புதுப் பொண்ணு வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வாசம் என்று யார் கேட்டாலும் அதைத்தான் ஒட்டி அனுப்புவோம். அதை முதலில் எழுதியது கெருபோ. 'அடடா, என்ன எழுத்துடி!' என்று கச்சாஞ்சா அன்றைக்கு எல்லோருக்கும் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்தார். நானும் எலும்பைக் கூட விடாமல் கடித்தேன்.

"அக்கா..." என்றான் சிமியு. தாடி இன்னும் சரியாக முளைக்காத பையன், ஆனால் வீட்டில் கைக்குழந்தை. "நேத்து கங்கேமிப் பக்கம் எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் அனுப்பினேன். படிக்கக்கூட இல்லக்கா. வாசம்னு பாத்தேன், ஒட்டினேன்."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. நான் இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பேன்!

அப்போதுதான் கச்சாஞ்சா வந்தார். பளபளக்கும் ஷூ. இரண்டு கையிலும் எண்ணெயில் பொரித்த மந்தாசிப் பொட்டலம். அவர் தின்பண்டம் வாங்கி வந்தாலே எங்களுக்கு ஏதோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சவாதியம்மா பேசணும். அந்தப் பெரியம்மா பர்னரச் சரியா மாட்டல. எண்ணெயக் கொட்டிட்டா. மத்த அடுப்பெல்லாம் பத்திரம். பாசமா எழுதுங்க, கொஞ்சம் அழுங்க."

"அடுப்புல வாசம் வருதுன்னு அவங்க கேட்டிருக்காங்க சார்" என்றேன்.

"அதுக்குத்தான் சிமியு இருக்கானே. தப்பா பதில் போட்டவன் அவன். அவனை இன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடறேன். போதுமா?"

"வாசம்னா இதத்தான் போடணும்னு சொன்னது நீங்க" என்றாள் அக்கேயோ அக்கா.

"நான் எழுதினேனா? என் கைய பாரு, மை இருக்கா?" கச்சாஞ்சா சிரித்தார். "அக்கேயோ, வயசான காலத்துல உனக்கு எதுக்கு வீரம்? கீழ ரோட்ல போய் நின்னு, எழுதத் தெரிஞ்சவன் யாருன்னு கூப்பிடு. பட்டதாரிங்க வரிசையில நிப்பாங்க. அவங்களும் வேணாம்னா மெஷின் இருக்கு. மெஷினுக்கு மந்தாசிகூட வேணாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிற ஆள், சோற்றையும் எங்களையே வடிக்கச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மந்தாசியை அவர் மூஞ்சியில் வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. வாடகை ஞாபகம் வந்தது. த்தூ, இந்தப் பிழைப்பு!

கதவு திறந்தது. கெருபோ நின்றாள். நேற்றைய உடுப்பு, நேற்றைய கண். அவளோடு கூடவே தீக்காய மருந்தின் வாடையும் உள்ளே வந்தது.

கச்சாஞ்சா ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டார். "மகளே, அம்மா எப்படி இருக்கா? செலவெல்லாம் நான் பாத்துக்கறேன். நல்ல ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம், தனி ரூம். நீ ஒண்ணே ஒண்ணு செய். அம்மாதான் கவனக்குறைவா இருந்துட்டான்னு நீயே உன் கையால எழுது. நீ எழுதினா ஊரே நம்பும். உன்ன மாதிரி யாரு எழுதுவா?"

தாயின் கையைக் காப்பாற்றத் தாயின் மேலேயே பழி எழுத வேண்டும். எழுதாவிட்டால், ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுக்கிற அந்த ஆஸ்பத்திரியில்தான் அவள் கிடக்க வேண்டும். எழுதிவிடு கெருபோ என்று நானே மனசுக்குள் சொன்னேன். எழுதிவிடாதே என்றும் சொன்னேன்.

"யாரு அனுப்பினது?" என்றாள் கெருபோ.

சிமியு எழுந்து நின்றான். அவள் அவன் கிட்டே போனாள். கையை ஓங்கினாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று, மெல்லக் கீழே இறங்கியது.

"அம்மாவுக்கு உதடு வெந்திருக்கு" என்றாள். "தெளிவா பேச முடியல. ராத்திரி பூரா முனகல்லயே கேட்டுக்கிட்டு இருந்தா. சவாதியம்மா சொன்னாளே, சொன்னாளேன்னு. எங்கம்மா அவளச் சாமி மாதிரி நம்பினா. நான்தான் அவள்னு எப்படிச் சொல்லுவேன்?" திரும்பிக் கச்சாஞ்சாவைப் பார்த்தாள். "இவன் அனுப்பினான். நான் எழுதினேன். நீங்க வித்தீங்க. இப்ப எங்கம்மா மேல போடணுமா?"

"உணர்ச்சிவசப்படாத. ஆஸ்பத்திரி செலவ யோசி."

"யோசிச்சேன் சார். ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சேன். நீங்க இப்பிடித்தான் கேப்பீங்கன்னும் தெரியும்." அவள் தன் காலி நாற்காலியைப் பார்த்தாள். "வரும்போது எழுதிடலாம்னுதான் வந்தேன்."

அந்த நேரம் பார்த்து என் திரையில் மணி அடித்தது. கவாங்வாரேயிலிருந்து ஒருத்தி. 'சவாதியம்மா, அடுப்புல ஒரு மாதிரி வாசம். பிள்ளைங்களுக்குக் கஞ்சி வைக்கணும். பத்த வைக்கலாமா?'

இயந்திரம் உடனே பதிலைத் தயாராக எடுத்து நீட்டியது. மகளே, புது அடுப்புக்குப் புது வாசம். நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

நாலு பேரும் என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இயந்திரத்தின் பதிலை அழித்தேன். எழுதினேன். 'பத்த வைக்காதே. அது கேஸ் கசிவு. சிலிண்டரை மூடு. சன்னலைத் திற. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போ.'

அந்த அலுவலகத்தில் நான் எழுதிய முதல் உண்மை அது. அனுப்பிவிட்டேன்.

"என்னடி பண்ற?" கச்சாஞ்சா பாய்ந்து வந்தார். அக்கேயோ அக்கா அவருக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்றாள். பெரிய உடம்பு அவளுக்கு.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு விடறதுக்கு இல்ல சார். சிமியுவ அனுப்பினா எங்க எல்லாரையும் அனுப்பணும். சவாதியம்மா ஒருத்திதானே?"

கெருபோ தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சிமியுவும் உட்கார்ந்தான். நான் எழுதியதையே இன்னும் நேராக்கிக் கெருபோ எழுதினாள். நல்ல எழுத்துக்காரி ஆயிற்றே! ஒரு அலங்காரம் இல்லை. இதுவரை அடுப்பு வாங்கிய அத்தனை பேருக்கும் போகும்படி, ஆளுக்கொரு வட்டாரமாகப் பிரித்துக்கொண்டோம். கங்கேமியைச் சிமியு கேட்டு வாங்கிக்கொண்டான். அனுப்பும்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"உங்க மேல கேஸ் போடுவேன்! ஊர்ல ஒருத்தன் உங்களுக்கு வேலை தரமாட்டான்! சோத்துக்கு அலைவீங்க!" கச்சாஞ்சா கத்திக்கொண்டே தன் அறைக்கு ஓடி இணைப்பைப் பிடுங்கினார். நாலு திரையும் ஒன்றாகச் செத்தன. எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை பேருக்குச் சேரவில்லை, எங்களுக்குத் தெரியாது.

இனி ஒன்றும் இல்லை. வேலை இல்லை, வழக்கு வரலாம், கெருபோவின் அம்மாவுக்கு அதே பாதிக் கட்டில். ஒன்றாகப் போவோம் என்று மட்டும் முடிவாயிற்று. முதலில் ஆஸ்பத்திரிக்கு. அப்புறம் கீழ்மாடிகளில் எங்களைப் போலவே கூலிக்கு எழுதுகிறவர்களிடம். சிமியு வாசலில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது மாடி திரும்புவதற்குள் டப்பா அலற ஆரம்பித்தது. கெருபோவின் கைப்பேசி. எடுத்தாள். அம்மாவுக்கு என்னவோ என்று நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி. அவள் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏண்டி கெருபோ! சவாதியம்மாகிட்டேருந்து சேதி வந்திருக்குடி, எங்க தெருவுக்கே வந்திருக்கு! எல்லாரும் அடுப்பத் தூக்கி வெளிய வச்சிட்டோம். பொம்பளைங்க எல்லாம் கொதிச்சுப் போய் நிக்கறாங்க. உங்கம்மாவ இப்பிடிப் பண்ணிட்டு அந்தக் கம்பெனிக்காரன் நிம்மதியா இருப்பானா? அடுப்பத் தூக்கிக்கிட்டே வர்றோம். நீ அந்தக் கம்பெனிலதானே இருக்க? சொல்லுடி, அந்தச் சவாதியம்மா வீடு எங்க இருக்கு?"

கெருபோ எங்களைப் பார்த்தாள். மேலே கச்சாஞ்சா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கோ அக்கா" என்றாள். "டயர் கடை மாடி. நாலாவது தளம். நாங்க வாசல்லயே நிக்கறோம்."