மூன்றாவது குரல்

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ராஜாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது.

"கோர்ட்ல நீங்க கத்துனா கச்சிராயபாளையம் வரைக்கும் கேக்குதாம். வூட்ல ரசம் கேக்கக்கூட வாய் வரல. காலையிலேர்ந்து இன்னா யோசனை?"

அவள் புருஷன் தங்கதுரை கோமுகிப்பட்டு முன்சீப் கோர்ட்டில் டவாலி. வழக்காளிகளின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது அவன் வேலை. மூன்றுக்கும் ஆள் வராவிட்டால்தான் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யலாம்.

"நான் ஒரு தரந்தான் கூப்ட்டேன், ராஜாம்பா."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரி சின்னப்பொண்ணு. புருஷன் செத்ததும் அவளுடைய இரண்டு ஏக்கர் சாமை நிலத்தைக் கீழ்நாட்டான் ஒருவன் வளைத்துக்கொண்டான். அதற்கு வழக்குப் போட்டவள், வாய்தா நாளன்று விடியற்காலை முதல் பஸ் பிடித்து மலையிறங்கி வந்திருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துப் புங்கமரத்தைக் காட்டி, "அங்க குந்து. பேர் கூப்பிட்டாத்தான் உள்ள வரணும்" என்று சொன்னவனே தங்கதுரைதான். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தான்.

நீதிபதி அன்று பதினோரு மணிக்கே ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்ப வேண்டும். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த தங்கதுரை, மரம் வரைக்கும் போகாமல் தாழ்வாரத்திலேயே நின்று, பேசுகிற குரலில் ஒரு முறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுல்ல?" என்றார் நீதிபதி. ஒரு குரல்தான் என்பது அவர் காதுக்கும் தெரியும்.

"ஆச்சுங்கய்யா."

அவர் எழுதினார்: மூன்று முறை அழைத்தும் வாதி ஆஜராகவில்லை; வழக்கு தள்ளுபடி.

சாயங்காலம் மரத்தடியில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தங்கதுரை பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தான். அன்றைக்கும் இதே ராஜாம்பாள்தான் அவனுக்குக் காபி கொடுத்தாள்.

இப்போது அவளுக்காக ஒரு வக்கீல் புகார் எழுதி, கள்ளக்குறிச்சியிலிருந்து விசாரணைக்கு ஒரு நீதிபதி வருகிறார்.

"முன்சீப் ஐயா போன் பண்ணாரு. மூணு தடவைன்னே சொல்லச் சொல்றாரு. மாத்திச் சொன்னா என் வேலை போயிடும்."

ராஜாம்பாள் டவாலியின் சிவப்புப் பட்டையை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். தினமும் மாட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டுவாள். இன்று தட்டவில்லை.

"உங்க குரலைப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசிக்கினு இருந்தேங்க" என்றாள். அவ்வளவுதான்.

பட்டை அவனுக்குக் கனத்தது. ஆனாலும் பொய் சொல்லத்தான் போனான்.

விசாரணை அறையில் சின்னப்பொண்ணு கைகட்டி நின்றாள்.

"உங்க பேரைக் கூப்பிட்டது கேட்டுச்சாம்மா?" என்றார் வந்திருந்த நீதிபதி.

"கேக்கலிங்க சாமி. என் காதுதான் மந்தம்."

வக்கீல் பதறினார். "அம்மா, நீங்க..."

"இல்லிங்க வக்கீலய்யா. கூப்ட்டாங்கன்னு எழுதி இருக்குதாமே. கோர்ட்டுல பொய்யா எழுதுவாங்க? பஸ்ஸுல வந்த அசதி, கண்ணு அசந்துட்டேன் போல." தங்கதுரையைக் காட்டினாள். "இந்த அண்ணன் நல்லவருங்க. எனக்குத் தண்ணி குடுத்தாரு. அவரு மேல குத்தம் எழுதாதீங்க."

தங்கதுரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

"ஐயா." ஊரைக் கூட்டும் அந்தக் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ஒரு தடவைதாங்க கூப்பிட்டேன். அந்தம்மா மரத்தடியில இருந்தது எனக்குத் தெரியும். ஒரு குரல்தான்னு முன்சீப் ஐயாவுக்கும் தெரியும்."

விசாரணை நீதிபதி பேனாவை எடுத்தார். வழக்கை மறுபடி எடுக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். தங்கதுரை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதும், உத்தரவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார். முன்சீப் மீதும் அறிக்கை போகும் என்றார்.

பட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு அவன் வெளியே வந்தான். இந்தத் தடவை முன்வாசல் வழியாக.

சின்னப்பொண்ணு படியில் நின்றிருந்தாள். அவன் கும்பிட்டான்.

"மன்னிச்சிக்கம்மா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் வூட்டுக்குப் போயி என்னியே ஏசிக்கினு கெடந்தேன் அண்ணே. என் பொண்ணு கேட்டதுக்கு, நான் தூங்கிட்டேன் கண்ணு, அதான் நெலம் போச்சுன்னு சொன்னேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"அடுத்த வாய்தாவுக்கு நான் வாசப்படியிலயே குந்திக்கிட்டா வெரட்டுவாங்களா? கண்ணால பார்த்துக்கினே இருக்கணும்."

"வெரட்ட மாட்டாங்கம்மா."

"நீங்க சொல்றீங்க" என்றாள் அவள். பிறகு உள்ளே திரும்பி, வக்கீலிடமும் ஒரு முறை கேட்டுவிட்டு வந்தாள்.