நல்ல தகடு வரும்வரை

டிங்கர் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டுந்தான். அவர் மனைவி வண்டிக்குள்ளே, சீட் இருக்கவேண்டிய இடத்தில் குந்தி உட்கார்ந்து, ஈரத்துணி சுற்றிய கையால் ஒரு தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அவர் பற்றவைக்க, சூடு துணியைத் தாண்டி விரலுக்கு ஏறியது.

"விட்டுறாதே. இன்னும் கொஞ்சந்தான்."

"உங்க கையைக்கூட நான் இவ்வளவு நேரம் பிடிச்சதில்லை. இந்தத் தகட்டைப் போய்ப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"என் கை எங்கேயும் போயிடாது. தகடு நகர்ந்தா போச்சு."

அவள் விடவில்லை. வேலையில் இருக்கும்போது அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழங்காலத்துப் பந்தயக் கார். நீள மூக்கு, கூரை கிடையாது, தரையை ஒட்டிய உடம்பு. ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரோரம் தார்ப்பாய் மூடி வருஷக்கணக்கில் கிடந்தது. முதலாளி ஒர்க்‌ஷாப் நிலத்தை விற்றபோது சின்னப் பையன்களுக்கெல்லாம் ஏதோ கொஞ்சம் ரொக்கம் கொடுத்து அனுப்பினார். அதிக வருஷம் உழைத்த டிங்கருக்குக் கொடுக்கவேண்டியதும் அதிகம். அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "ரொக்கமா குடுத்தா கரைஞ்சு போயிடும்பா. இது சொத்து. நீ கை வச்சா தங்கம்" என்றார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்து, இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தோளில் கை போட்ட சந்தோஷத்தில் இவரும் போட்டுவிட்டார்.

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியை வாசலில் பார்த்ததும் மனைவி கதவோரம் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளங்கையளவு துரு பொலபொலவென்று கொட்டியது.

"சொத்துன்னு சொல்லிச் சொத்தையைக் குடுத்து அனுப்பியிருக்காரு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் தண்ணீர் பிடிக்கப் போய் வரும்போது, அவர் ஓட்டுகிறவர் இடத்தில் கிழிந்த சீட்டின் கம்பிச்சுருள்மேல் உட்கார்ந்து, ஓடாத வண்டியின் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருடைய கார்களை நிமிர்த்தியவர், தன்னுடையது என்று ஒன்றில் உட்காருவது இதுதான் முதல் தடவை. பார்த்தும் பார்க்காதவள்போல அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் 'பட்டிக்குப் பகையாளி' என்று பெயர். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் மற்றவர்கள் மாவு மாதிரிப் பட்டியைக் குழைத்து அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து வண்டியை வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது உப்பிக்கொண்டு வந்தால் வண்டிக்காரன் தலையெழுத்து. இவருக்கு அது ஆகாது. சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்பார். சத்தம் மொத்தையாக இருக்கிற இடமெல்லாம் வெட்டுவார். "நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும்" என்பது அவர் சொல்கிற ஒரே உபதேசம். அரைநாள் வேலையை மூன்று நாள் இழுக்கிறான் என்று முதலாளி அதற்காகவே வாயில் வந்தபடி திட்டுவார்.

இந்த வண்டியில் நல்ல தகடு சுலபத்தில் வரவில்லை. மழைத் தண்ணீர் வருஷக்கணக்கில் தேங்கியதில் வலதுபக்கச் சீட்டுக்கு அடியில்தான் மிக மோசம். குறுக்கே போகும் சட்டம் ஊறிய அட்டை மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்து வெளியே எறிந்தார். அதே அளவில் புதுத்தகடு மடித்து, இப்போது பற்றவைத்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். வெட்டிய துண்டுகளை அவள் ஒரு சாக்கில் சேர்த்து வைத்தாள். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாங்கக் கையில் எதுவும் இல்லாத ஒருநாள் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, தின்னரோடு திரும்பி வந்தாள். கெட்டிக்காரி என்று அவர் சிரித்தார்.

பாதி வேலையில் பல் டாக்டர் ஒருவர் வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்து பார்த்தார்.

"நீங்களும் நானும் ஒரே தொழில்தாங்க" என்றார். "சொத்தையைத் தோண்டி எடுக்கிறோம், அடைக்கிறோம்."

"நான் அடைக்கிறதில்லை சார். வெட்டிட்டுப் புதுசு வைக்கிறேன்."

"அதுக்கு எங்க ஊசியெல்லாம் வேணாமா?"

"இது வலிக்குதுன்னு சொல்லாது சார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலை முடிந்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, புத்தகத்தில் தன் பெயர் ஏறிய அன்றே முழுப்பணமும் தருவதாக டாக்டர் சொன்னார். நல்ல மனிதர்தான்.

அந்தப் பணத்தில் என்ன செய்வது என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. ஒரு பக்கம் அவர் டிங்கரிங். மறுபக்கம் அவளுடைய தையல் மெஷின், சீட் கவர் வேலை. வேறு வழியும் இல்லை. வேலை கேட்டுப் போன ஒர்க்‌ஷாப்களில் எல்லாரும் முதலில் அவர் நரைத்த தலையைப் பார்த்தார்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவள் மட்டும் தினமும் கொட்டகையைப் பார்க்கச் சுற்றுவழியில் கடைக்குப் போய் வந்தாள். மெஷினை எந்த மூலையில் போட்டால் வெளிச்சம் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி தேறிவிட்டது. கூட வேலை பார்த்த மெக்கானிக் நட்புக்காக வந்து என்ஜினை ஓட வைத்தார். டிங்கர் வண்டியின் உடம்பு முழுவதும் உள்ளங்கையால் தடவித் தடவி மேடுபள்ளம் பார்த்தார். கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தார். என்ஜின் மூடியின் உள்விளிம்பில் நம்பர் போட்ட ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதைப் பத்திரமாகக் கழற்றி, துடைத்துப் பளபளவென்றாக்கி, புது ரிவெட் ஆணி அடித்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அவள் தைத்த சீட்டில் ஒரு நூல் கோணவில்லை. தெரு முனை வரைக்கும் அவளை உட்கார வைத்து ஓட்டிப்போனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் "என்ன முதலாளியம்மா, எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்ச தூரம் போகமாட்டாரா என்றும் இருந்தது.

சோதனைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு டாக்டரையும் சேர்த்து மூன்று பேருமாகப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். பித்தளைத் தகட்டில் டார்ச் அடித்தவர், ரிவெட்டை நகத்தால் நெருடினார்.

"இது புதுசா அடிச்சது."

"ஆமா சார். பழசு துருப்பிடிச்சுப் போச்சு."

"தகடு யார் வேணா அடிக்கலாம் பெரியவரே. உடம்புல குத்தின நம்பர் ஒண்ணு இருக்கணுமே." புத்தகத்தைப் புரட்டினார். "வலதுபக்கச் சீட்டுக்குக் கீழே, குறுக்குச் சட்டத்துல. சீட்டைக் கழட்டுங்க."

டிங்கர் கழற்றினார். கழற்றும்போதே அவர் முகம் மாறியதை மனைவி பார்த்தாள். சீட்டுக்கடியில் அந்தச் சட்டம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் கட்டைவிரலால் இணைப்பு இருக்கும் இடத்தைத் தேடினார். அகப்படவில்லை.

"எங்கே சேர்த்திருக்கீங்கன்னே தெரியலை. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. பழசு எங்கே?"

"வெட்டிட்டேன் சார். மொத்தமும் துரு. நம்பரெல்லாம் கண்ணுக்கே தெரியலை."

"தெரியாட்டியும் பரவாயில்லை. மருந்து வச்சுத் தேய்ச்சா எழும்பி வந்திருக்கும்." இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார். "பட்டியைப் போட்டு மூடியிருந்தாக்கூட சுரண்டிப் பார்த்திருக்கலாம். இப்ப இது எந்த வண்டின்னு நான் எதை வச்சு எழுதறது? திருட்டு வண்டிக்கும் இதைத்தான் செய்யறாங்க."

"சார், நான் டிங்கர் சார். எனக்கு அதுதான் வேலை."

"நீங்க திருடினீங்கன்னு நான் சொல்லலை. நம்பர் இல்லைன்னுதான் சொல்றேன். அந்தத் துண்டு இருந்தா கொண்டாங்க, பார்ப்போம்."

சாக்கு. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேகமாக நடந்தாள். பழைய இரும்புக் கடைக்காரர் குவியலைக் கையால் காட்டினார்.

"இதுல எதைம்மா தேடுவே? நீ போட்டது அடுத்த லாரியிலேயே உருக்கப் போயிடுச்சு. இந்நேரம் யாரு வீட்டு ஜன்னல்லயோ கம்பியா இருக்கும்."

இருந்தும் அவள் தேடினாள். புடவை கிழிந்தது, கை கீறியது. பின்னாலேயே வந்து சேர்ந்த டிங்கர் அவள் தோளைத் தொடும்வரைக்கும் தேடினாள். சாக்கைப் பற்றி அவர் அன்றைக்கும் எதுவும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளியைப் பார்க்கப் போனார்கள். இந்த வண்டி என்னிடம் இருந்ததுதான், அதே வண்டிதான் என்று ஓர் அத்தாட்சி எழுதிக் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முதலாளி வாசல் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"நான் குடுக்கறப்ப நம்பர் இருந்துச்சா இல்லையா?"

"இருந்திருக்கும் முதலாளி."

"நீதானே வெட்டினே? அதுக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் என்னைத்தானே கேட்கும்?"

"எனக்குக் குடுக்கவேண்டியதுக்குத்தானே முதலாளி இதைக் குடுத்தீங்க..."

"அதுக்குத்தான் நீ கையெழுத்துப் போட்டுட்டியே. என்கிட்ட வேலை பார்த்தப்பவே சொன்னேன், நோண்டாதே நோண்டாதேன்னு. நீ என்னைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டே?" என்றார் முதலாளி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பல் டாக்டர் வந்து வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெயர் மாறாத வண்டியை வாங்கி என்ன செய்வது? ஸ்டீயரிங்கையும் மீட்டர்களையும் மட்டும் கேட்டார், தன் கிளினிக் சுவரில் மாட்டிவைக்கலாம் என்று. அதற்குக் கொடுத்த பணம் பெயிண்ட் கடைக் கடனுக்குப் போயிற்று. கொட்டகையில் யாரோ முட்டைக் கடை போட்டார்கள். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் தினமும் வந்து சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் டிங்கரே பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி முடித்தார். நம்பர் இல்லாத வண்டியை முழுசாக உள்ளே வைத்திருந்தால் தனக்கு வம்பு, வந்தவுடனே துண்டு போட்டுவிட வேண்டும் என்பது கடைக்காரர் போட்ட நிபந்தனை.

உருட்டிக்கொண்டுதான் போனார்கள். ஸ்டீயரிங் இல்லாததால் அவர் அதன் தண்டில் ஒரு ஸ்பானரைப் பூட்டித் திருப்பிக்கொண்டே தள்ளினார். அவள் பின்னாலிருந்து தள்ளினாள். சீட்டு இரும்பில்லை, அதற்கு எடை போடமாட்டேன் என்று கடைக்காரர் கழற்றி ஓரமாகப் போடச் சொன்னார். அவள் ஒரு சீட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கடை ஆள் பெரிய சம்மட்டியும் உளியுமாக வந்தான். கதவு ஒரே அடியில் போயிற்று. மூக்குப் பகுதி இரண்டு மூன்று அடியில் கழன்றது. கம்பெனியில் சேர்த்த இடமெல்லாம் வாய் பிளந்தது. டிங்கர் சேர்த்த இடத்துக்கு வந்ததும் உளி வழுக்கியது. அவன் மூச்சு வாங்க வாங்க அடித்தான். பெயிண்ட் தெறித்தது, தகடு நசுங்கியது, இணைப்பு மட்டும் விடவில்லை.

"எவன்யா இதைப் பத்த வச்சவன்?" என்று கேட்டபடி கடைக்காரர் எழுந்து வந்தார். "இதுக்கு கேஸ் கட்டர்தான் எடுக்கணும். கேஸ் சும்மா வராது. அதை உன் எடைக்காசுல கழிச்சிட்டுத்தான் தருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா செஞ்சதுக்குக் கழிப்பீங்களா?" என்றாள். கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டரை உருட்டி வரச்சொல்லி ஆளுக்குக் கை காட்டினார்.

"குடுங்க, நான் வெட்டறேன்" என்றார் டிங்கர். "அவன் வெட்டினா கேஸ் அதிகம் போகும்."

சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். வண்டியின் உடம்பில் குறுக்கே கோடு போட்டார். கோடு கோணியது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி நேராகப் போட்டார். "எடைக்குப் போறதுக்கு எதுக்குப்பா கோடு?" என்று கடைக்காரர் சிரித்தார். டிங்கர் தீயைப் பற்றவைத்து, கோட்டின்மேலேயே வெட்டிக்கொண்டு போனார். துண்டு கீழே விழுந்ததும் குந்தி உட்கார்ந்து, அரத்தை எடுத்து, வெட்டிய விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் அவள்.

"தூக்கறவன் கையைக் கிழிச்சிடும்" என்றார் அவர், தலை நிமிராமல்.

கடை ஆள் தராசுப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக் காத்துக்கொண்டிருந்தான். அவர் விளிம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் தேய்த்து முடித்து, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அதை எடைக்குக் கொடுத்தார்.