அடுத்த லோடு

அந்த வீட்டில் நடக்கவே நடக்காத காரியங்களுக்கெல்லாம் ஒரு பெயர் உண்டு: அடுத்த லோடு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் லாரி டிரைவரின் மனைவி அவர் வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். "அடுத்த லோடுக்குப் பாக்கலாம்" என்றார் அவர். அடுத்த லோடு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. சிமென்ட் ஏறியது, வெங்காயம் ஏறியது, ஒரு தடவை சர்க்கஸ் கம்பெனியின் கூடாரம்கூட ஏறியது. மனைவி மட்டும் ஏறவில்லை. முதலில் கைக்குழந்தை, பிறகு பள்ளிக்கூடம், பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மகள் பேசக் கற்றபோதே அந்தச் சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொண்டாள். "வீட்டுப்பாடம் எழுதினியா?" என்று கேட்டால் "அடுத்த லோடு" என்பாள். குழாய் ஒழுகுவதை எப்போது சரிசெய்வார் என்று கேட்டால் அவரே அதைத்தான் சொல்வார். சொல்லிச் சொல்லி, அது யாரிடமிருந்து எதற்காக வந்த சொல் என்பதையே மற்றவர்கள் மறந்துபோனார்கள்.

தெருவில் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்த லாரி, சொந்த முதுகுவலி. வயதாகி லோடு அடிப்பதை நிறுத்தியதும் வண்டியை விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியையான மகள் வாங்குவதற்கு ஆளையே பார்த்து வைத்துவிட்டாள். அவரோ ஒரு நாள் வண்டியைப் பாடி கட்டும் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். வண்டி திரும்பி வந்தபோது சரக்கு ஏற்றும் இடத்தில் கதவும் ஜன்னலும் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது.

"இது எதுக்குப்பா?" என்று கேட்டாள் மகள்.

"அடுத்த லோடு வந்திருக்கு. உங்கம்மாதான் லோடு."

"என்னைப் பாத்தா மூட்டை மாதிரியா இருக்கு?" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது. பாதிச் சாமான் லாரியிலும் பாதி வீட்டிலுமாகக் கிடந்தது. உப்பு வேண்டுமென்றால் லாரியில் ஏற வேண்டும், கத்திரிக்கோல் வேண்டுமென்றால் இறங்க வேண்டும். அவர் படுக்கைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி வைத்தார், காஸ் சிலிண்டரைப் பெல்ட் போட்டுக் கட்டினார், ரேடியேட்டர் குழாயை மாற்றினார், ஸ்டெப்னி டயர் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார். பக்கவாட்டில் ஒரு தார்ப்பாயை நிழலுக்கு இழுத்துக் கட்ட வசதி செய்தார். அவளோ ஒவ்வொரு பாத்திரத்தையும் பழைய போர்வைத் துண்டில் சுற்றினாள். சுற்றிய பாத்திரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்தால் இன்னொரு சுற்று. "பல மாசம் ரோட்டுல போகணும். உங்க எஞ்சின் சத்தம் போதாதுன்னு இதுவும் சேர்ந்தா, நான் பேசினா கேக்க வேண்டாமா?" என்றாள்.

தார்ப்பாயின் முளைகளை அடிக்க அவரிடம் இரும்புச் சுத்தி இருந்தது. அவள் கடைத்தெருவுக்குப் போய், பெரிய தலை வைத்த மரச்சுத்தி ஒன்றை வாங்கி வந்தாள். இது எதற்கு என்று கேட்டார். "இருக்கட்டும்" என்றாள். அந்த வீட்டில் 'இருக்கட்டும்' வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

சாயங்காலமானால் இருவரும் நின்ற இடத்தில் நிற்கும் லாரிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள், ஏதோ ஆயிரம் மைல் வந்துவிட்ட மாதிரி. அவர் வழியைச் சொல்வார். கடலோரம் விட்டு உப்பளம், உப்பளம் தாண்டினால் சமவெளி, எல்லைச் சாவடி, பிறகு மலை, மலைக்கு அந்தப் பக்கம் அந்த ஏரி.

"சாவடிக்கு முன்னாடி ஒரு டீக்கடை இருக்கும்" என்பார்.

"முன்னாடி இல்ல, பின்னாடி. ஒத்தைக் கண்ணு நாய் படுத்திருக்கும்."

"போனது நானா, நீயா?"

"போனது நீங்க. கேட்டது நான். கேட்டவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும்."

அந்த ஏரியில் டிரைவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி முகம் கழுவுவார்கள். வாயில் ஊற்றினால் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். இளம் வயதில் ஒரு தடவை அதை அவளுக்காக ஒரு பாட்டிலில் பிடித்து வந்தார். மலையிறங்கிச் சமவெளி தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது அது வெந்நீராகியிருந்தது. அவள் ஒரு மடக்கில் குடித்துவிட்டு, "ஜில்லுனு இருக்கு" என்றாள். அந்தப் பொய்யை அவர் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரை அவள் தன் கையாலேயே அள்ளிக் குடிக்க வேண்டும். பயணம் என்று ஊருக்குச் சொன்னாலும் அவருக்கு விஷயம் அவ்வளவுதான்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது, அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய வலது காது கேட்பதில்லை. ஜன்னல் பக்கத்துக் காது. காலமெல்லாம் காற்றையும் ஹாரனையும் வாங்கி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு கட்டத்தில் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. இடது காது பழுதில்லாமல் வேலை செய்ததால் வீட்டில் சமாளித்துவிட்டார். ரகசியமாகப் போய்ப் பார்த்த டாக்டர், வண்டி ஓட்ட இது தடையில்லை, கண்ணாடியைக் கூடுதலாகப் பாருங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் மகளுக்குத் தெரிந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று அவருக்கு நிச்சயம்.

வில்லங்கம் நெடுஞ்சாலையில் இல்லை, சந்தில் இருந்தது. வீடு முட்டுச் சந்தின் கடைசியில். லாரியைத் திருப்ப இடம் கிடையாது. மற்ற டிரைவர்களாக இருந்தால் வரும்போதே பின்னால் எடுத்து நிறுத்தி, போகும்போது நேராகப் போவார்கள். அவர் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. "வீடு கண்ணாடியில தெரியக் கூடாது, கண்ணுக்கு முன்னாடி தெரியணும்" என்பார். அதனால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பின்னால்தான் எடுத்தாக வேண்டும். சந்து நடுவில் வளையும். வளைவுக்கு அப்புறம் இருக்கும் டெய்லர் கடைக் கம்பம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அதற்குத்தான் அவள். லாரிக்குப் பின்னால், வலது மூலையில் நின்றுகொண்டு, "வரலாம்... வரலாம்..." என்று குரல் கொடுப்பாள். நிற்க வேண்டுமென்றால் "ஓல்டான்!" அவர் ஜன்னலில் தலையை நீட்டி, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வண்டியை நகர்த்துவார். சந்து முனையில் வண்டி நேரானதும் அவள் ஜன்னலருகே வருவாள். அவர் "வரட்டா?" என்பார். அவள் "வாங்க" என்பாள். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். அந்த மனிதர் ஊர் ஊராகப் போனாரே தவிர, அவர்கள் இருவருக்குள்ளும் 'போ' என்ற சொல் வந்ததே இல்லை.

போன வருஷம் வண்டியை மெக்கானிக்கிடம் எடுத்துப் போகும்போது அவள் "ஓல்டான்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. டெய்லர் கடைப் பலகை கம்பத்தோடு சாய்ந்தது. இறங்கி வந்த டிரைவர், வாயில் வந்ததைச் சொன்னார்: "பிரேக் பிடிக்கல." சொன்ன பொய்க்காகப் பிரேக்கை மாற்றவும் வேண்டியதாயிற்று. "அண்ணே, இது நல்லாத்தானே இருக்கு?" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "சொன்னதைச் செய்" என்று சிடுசிடுத்தார். டெய்லருக்குப் புதுப் பலகை எழுதிக் கொடுத்தார். அது பழையதைவிட அழகாக இருந்ததால் டெய்லருக்குப் பரம சந்தோஷம்.

மகளுக்குச் சந்தோஷமில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு இந்தச் சந்தை விட்டு வண்டி எங்கயும் இடிக்காம வெளிய போச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். இடிச்சீங்கன்னா சாவியை எங்கிட்ட குடுத்துடணும். அம்மாவை வச்சுக்கிட்டு மலையில ஏத்த விடமாட்டேன்."

நியாயமான பேச்சு. அதனால்தான் அவருக்கு எரிச்சலாக வந்தது. "சரி" என்றார். மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் கடைசிப் பாத்திரத்தைப் போர்வைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில் சந்தே திரண்டு வந்துவிட்டது. டெய்லர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி தன் பலகைக்கு முன்னால் காவல் நின்றார். "டிரைவரண்ணே, இந்தத் தடவை புதுசு வேண்டாம், இதுவே நல்லா இருக்கு!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். வளைவு வரை நடந்து பார்க்க வந்த டிரைவர், கூட்ட இரைச்சலில் வாயசைவை வைத்துப் புரிந்துகொண்டு தானும் சிரித்தார். மகள் வளைவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். பழகிய அதிர்வு இடுப்புக்கு வந்தது. ஜன்னலில் தலையை நீட்டினார். கண்ணாடியில் அவள் பின்மூலையில் நிற்பது தெரிந்தது, வாய் அசைந்தது. 'வரலாம்' என்கிறாளா, 'இருங்க' என்கிறாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வளைவு வந்துவிட்டால் அந்த வாயும் தெரியாது. இறங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். சொன்னால் சாவி போகும். சாவி போனால் ஏரி போகும். அவளுடைய நாற்பது வயதும் ஐம்பது வயதும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

டப் டப்.

காதில் இல்லை. முதுகில் வந்தது, சீட்டில் வந்தது, ஸ்டியரிங்கில் உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு தட்டு. அந்தக் காலத்தில் லாரி கிளீனர்கள் பாடியைத் தட்டிப் பேசிய பாஷை அது. இரண்டு தட்டினால் வரலாம், ஒன்று தட்டினால் நில். எப்போதோ ஒரு சாயங்காலம் கதையோடு கதையாக அவளிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தார். அவள் வாய் ஊருக்குக் கேட்க "வரலாம்... வரலாம்..." என்று கத்திக்கொண்டிருந்தது. கை, மகள் நிற்கும் பக்கத்துக்கு மறைவாக, மரச்சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தது.

டப் டப். வண்டி நகர்ந்தது. டப் டப். வளைவு வந்தது, அவள் மறைந்தாள், தட்டு மட்டும் கூடவே வந்தது. டப் டப். பிறகு பலமாக ஒரே ஒரு டப். அவர் பிரேக்கில் நின்றார். ஸ்டியரிங்கை ஒடித்தார். மறுபடியும் டப் டப். டெய்லரின் பலகை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி, எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும்படி, அலுங்காமல் குலுங்காமல் கடந்து போனது. டெய்லர் கை தட்டினார். வண்டி சந்து முனையில் நேராக நின்றது.

மகள் ஜன்னலருகே வந்தாள். கண் கலங்கியிருந்தாலும் முகத்தை ஆசிரியை மாதிரியே வைத்துக்கொண்டு, "பாஸ்" என்றாள். "மாத்திரையை மறக்காதீங்க. தினம் போன் பண்ணணும்." அவர் அவள் தலையைத் தொட்டார்.

மகள் விலகிப் போனதும் ஜன்னலில் யாரும் இல்லை. வெறும் தெரு. அவர் பழக்கதோஷத்தில் அந்த வெறும் தெருவைப் பார்த்து, "வரட்டா?" என்றார்.

"யார்கிட்ட கேக்குறீங்க?"

இடது பக்கத்திலிருந்து, நல்ல காதுக்குள், முழுசாக வந்தது குரல். திரும்பினார். அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, மரச்சுத்தியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமும் ஜன்னலுக்கு வெளியே, அந்தப் பக்கத்தில் நின்றே பேசியவள்.

"இந்தப் பக்கத்துக் காது நல்லாத்தானே கேக்குது?" என்று கேட்டாள்.

அவர் அவள் மடியில் இருந்த சுத்தியைப் பார்த்தார். "எப்போலேருந்து தெரியும்?"

"நல்லா இருந்த பிரேக்கை மாத்தினீங்களே, அன்னைக்கே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீளமாகப் போகும் ரோட்டைப் பார்த்தாள். கதையாக மட்டுமே தெரிந்த ரோடு.

"சொல்லியிருந்தா, அடுத்த லோடுக்குப் பாக்கலாம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை கியரில் வைத்தார். அவள் சுத்தியால் டேஷ்போர்டில் மெல்ல இரண்டு தட்டு தட்டினாள். வண்டி கிளம்பியது.