நாலு நிமிஷ நாஷ்டா

அம்மு மயங்கி விழுந்துவிட்டாள் என்ற சேதி கேன்டீனுக்கு வந்தபோது மணி பத்து இருக்கும். மங்கை மதியச் சாப்பாட்டுக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற சாலையில் இருந்தது அந்தக் கம்பெனி. கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கோத்துக் கட்டிக் கொடுப்பதுதான் வேலை. ஷெட்டில் நூற்றிருபது பெண்கள். எல்லாரும் கான்ட்ராக்ட், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் பட்டை. ஆபீஸ்காரர்களுக்கும் நிரந்தர ஆட்களுக்கும் நீலப் பட்டை. கேன்டீனில் ஆறு வருஷமாகச் சமைக்கிற மங்கைக்கும் மஞ்சள்தான். அவள் புருஷன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். கடலுக்குப் போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். வீட்டில் பேச ஆள் இல்லாத குறையை அவள் கேன்டீனில்தான் தீர்த்துக்கொள்வாள்.

முதலுதவி அறையில் பெஞ்சுமேல் படுத்திருந்தாள் அம்மு. வியாசர்பாடிப் பெண். வயது இருபத்திரண்டு. உதடு வெளுத்திருந்தது.

"இன்னாம்மா, காலையில இன்னா துன்னே?"

"ஒண்ணும் துன்னலக்கா."

"இன்னாத்துக்கு? பிரேக்குக்கு வரல?"

"வந்தேன்க்கா. லைன்ல நின்னுகினே இருந்தேன். எனக்கு முன்னாடி முப்பது பேரு. பெல் அடிச்சிட்டாங்க."

இது மங்கைக்குத் தெரிந்த கதைதான். ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அம்மு மாதிரி பெண்கள் நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எட்டேகாலுக்குப் பதினைந்து நிமிஷம் விடுவார்கள். கையுறை, தலையுறை கழற்றி, கை கழுவி, ஷெட்டிலிருந்து கேன்டீன் வரைக்கும் நடந்து வருவதற்குள் ஐந்து நிமிஷம் போய்விடும். இட்லிக்கும் சாம்பாருக்கும் ஒரே வரிசை. பாதிப் பேர் தட்டைக் கையில் வாங்கும்போதே பெல். திரும்பப் போக ஒரு நிமிஷம் தாமதமானால் அரை நாள் வருகை போயிற்று. நீலப் பட்டைக்காரர்கள் ஒன்பது மணிக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து காபியோடு சாப்பிடுவார்கள்.

தெரிந்த கதைதான், ஆனால் அன்றைக்கு அது அவளை என்னவோ செய்தது. சமைத்தவள் நான். அண்டா நிறைய இட்லி மிஞ்சிக் கிடக்க, இங்கே ஒருத்தி பசியில் விழுந்து கிடக்கிறாள். இதற்கு எதற்கு ஒரு கேன்டீன்?

கேன்டீனையும் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் தாமோதரனிடம் போய் நின்றாள். அவரும் அந்த வட்டாரத்து ஆள்தான். பயந்த மனுஷர்.

"நான் இன்னாம்மா பண்றது? பதினஞ்சு நிமிஷம்னு மேல போட்டது. நானா போட்டேன்?"

"நேரத்த நீ மாத்த வேணாம் நைனா. சாப்பாட்ட நான் மாத்துறேன். அதுக்கு மட்டும் சரின்னு சொல்லு."

அவர் தலையை ஆட்டிவைத்தார். மங்கை இரண்டு நாள் யோசித்தாள். சூடு பண்ண வேண்டாத பொருளாக இருக்க வேண்டும். ஊற்றி, பரிமாறி, காத்திருக்க வைக்கக் கூடாது. நின்றுகொண்டே தின்ன வேண்டும். மதியம் வரைக்கும் தாங்கவும் வேண்டும். கேன்டீனில் தினமும் தயிர் உறை ஊற்றுவார்கள், அதில் பாதி மோராகித்தான் போகும். மதியத்துக்குப் பழம் வரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

முதல் நாள் சொதப்பியது. தர்பூசணியை வெட்டிப் போட்டதில் தயிரெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டது. ஷெட்டில் வாய்த்துடுக்குக்குப் பேர் போன ஃபிர்தௌஸ் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பழம்லாம் நீச்சல் அடிச்சிகினு கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின்மேல் தொங்கவிட்டாள். காலையில் பார்த்தால் நீரெல்லாம் வடிந்து, கரண்டியால் எடுத்தால் வெண்ணெய் போல நின்றது. கொஞ்சம் வெல்லப்பாகு விட்டு அடித்தாள். கிண்ணத்தின் அடியில் வறுத்த கெட்டி அவல், அதன்மேல் தயிர், அதன்மேல் பப்பாளி, கொய்யா, மாதுளை முத்து. வாழைப்பழத்தை மட்டும் கடைசியில்தான் நறுக்க வேண்டும், முன்னாலேயே நறுக்கினால் கறுத்துப்போகும். மேலே ஒரு கை வறுத்த வேர்க்கடலை. கிண்ணம் கைக்குப் போகிற நேரத்தில் தூவினால்தான் மொறுமொறுப்பு நிற்கும். நூற்றிருபது எவர்சில்வர் கிண்ணங்களைத் தட்டுகளில் அடுக்கி, தள்ளுவண்டியில் வைத்து, எட்டேகாலுக்கு ஷெட் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

வரிசை இல்லை. வந்தார்கள், எடுத்தார்கள், தின்றார்கள். ஃபிர்தௌஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். "நாலு நிமிஷம்க்கா! மீதி நேரத்துல ஒரு தூக்கமே போடலாம்."

அதிலிருந்து அதற்கு நாலு நிமிஷ நாஷ்டா என்றே பேராகிவிட்டது. ஒரு மாதம் ஓடியது. ஒருத்தியும் மயங்கி விழவில்லை. அம்முவின் முகத்தில் ரத்தம் ஏறியதை மங்கை தன் கண்ணாலேயே பார்த்தாள். காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவளுக்கு ஒரு மிடுக்கு வந்திருந்தது.

அப்போதுதான் மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்த அதிகாரி பிரகாஷ் ஒரு நாள் அந்த வண்டியை நிறுத்தினார். ஒரு கிண்ணம் எடுத்து, நின்ற இடத்திலேயே வழித்துச் சாப்பிட்டார்.

"பிரமாதம்மா! எண்ணெய் இல்ல, சர்க்கரை இல்ல. இதை இவ்வளவு நாள் எங்ககிட்ட மறைச்சு வெச்சிட்டீங்களே!"

மங்கைக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி ஒரு வாரம்தான். அடுத்த திங்கட்கிழமை கேன்டீன் வாசலில் 'வெல்னஸ் பவுல்' என்று பளபளவென்று ஒரு போர்டு. கண்ணாடிக் கிண்ணங்கள் வந்து இறங்கின. தாமோதரன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளையிலேர்ந்து ஒம்போது மணிக்கு நீலப் பட்டைக்கு மட்டும்மா. மஞ்சளுக்குக் கிடையாது. அவங்களுக்கு மெனுல இட்லிதான் கீதாம்."

"இன்னாது?"

"வண்டிய ஷெட் வாசல்ல நிறுத்துறது சேஃப்டி இல்லையாம்."

"ஒரு மாசமா நிறுத்திகினுதான கீறேன்? யாரு கால்ல ஏறுச்சு?"

அவர் விரலால் மாடியைக் காட்டினார். மங்கை ஏப்ரனோடேயே மாடியேறிப் போனாள். பிரகாஷ் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், அந்தப் பொண்ணுங்களுக்கு நேரம் இல்லன்னுதான் அத நான் செஞ்சதே. ஒம்போது மணிக்கு வர்றவங்களுக்கு இட்லி துன்ன நேரம் கீது."

"உங்க ஆதங்கம் புரியுதும்மா. ஆனா கான்ட்ராக்ட் ஆட்களோட உணவு ஒப்பந்தத்துல இந்த அயிட்டம் இல்ல. நான் தனியா முடிவெடுக்க முடியாது."

"அவங்ககிட்டேர்ந்து புடுங்குறதுக்கு மட்டும் தனியா முடிவெடுத்தீங்களா சார்?"

பிரகாஷ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் எட்டேகாலுக்கு அந்தப் பெண்கள் ஷெட் வாசலில் வந்து நின்றார்கள். வண்டி வரவில்லை. கேன்டீனுக்கு ஓடி வந்து பழையபடி வரிசையில் நின்றார்கள். இட்லி கையில் வாங்கும்போது அம்மு ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதாவது கேட்டிருந்தால்கூட மங்கைக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. பத்து நாள் கழித்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கேன்டீனைக் கழுவித் துடைத்தார்கள். ஷெட்டிலிருந்து பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கி எடுத்து வந்தார்கள். அதில் அம்முவும் ஃபிர்தௌஸும் உண்டு. எல்லாருக்கும் புது ஏப்ரன். நீள மேசையில் மங்கை செய்து வைத்த பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். போட்டோகிராபர் ஒருவன் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஆளுக்கு ஒண்ணு கையில எடுங்கம்மா," என்றார் பிரகாஷ். "ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போங்க. சாப்பிட வேண்டாம், சும்மா கொண்டு போனாப் போதும். சிரிங்க. நல்லா சிரிங்க!"

சிரித்தார்கள். விளக்கு நாலைந்து முறை மின்னியது. அடுப்படிக் கதவருகே நின்று மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணியிலிருந்து நின்று வேலை செய்த பெண்கள், மூக்குக்கு நேராகப் பழத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"போதும். இப்ப கிண்ணத்தை அப்படியே மேசையில வெச்சிட்டுப் போகலாம். கெஸ்ட்டுங்க வந்துட்டே இருக்காங்க, அது அவங்களுக்கு. பார்த்து, மேல இருக்கிற கடலை கலையாம."

கடலை கலையாமல்! மங்கைக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மு குனிந்து, பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாகக் கிண்ணத்தை மேசைமேல் வைக்கப் போனாள்.

"வெக்காத அம்மு!"

கத்தியது தான்தான் என்று மங்கைக்கே அப்புறம்தான் உறைத்தது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மேசைக்கருகே வந்து நின்றாள்.

"கையில வாங்குனத எதுக்குத் திருப்பி வெக்கிற? துன்னு. உனக்காகச் செஞ்சது அது. துன்னும்மா!"

"மங்கைம்மா, என்ன இது?" பிரகாஷின் குரல் உடைந்தது. "கெஸ்ட் படியேறி வந்துட்டு இருக்காங்க!"

"வரட்டும் சார். அவங்க வயிறு காஞ்சுபோயா வர்றாங்க? வாய்கிட்ட கொண்டுபோன சோத்தப் புடுங்கி விருந்தாளிக்கு வெக்குற கலீஜ் வேலைய என் கையால செஞ்ச சாப்பாட்ட வெச்சுப் பண்ணாதீங்க. போட்டோவுக்கு மட்டும் இவங்க வேணும், துன்றதுக்கு வேணாமா?"

ஃபிர்தௌஸ்தான் முதலில் ஒரு கரண்டி எடுத்து, பிரகாஷைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தாள். வேர்க்கடலை கடிபடுகிற சத்தம் கேட்டது. அடுத்து அம்மு. அப்புறம் பன்னிரண்டு பேரும். யாரும் சிரிக்கவில்லை. நின்ற வாக்கில் வேகவேகமாகத் தின்றார்கள். விருந்தாளிகள் உள்ளே வந்தபோது மேசையில் வழித்த கிண்ணங்கள்தான் இருந்தன. "பிரேக் இப்பதான் முடிஞ்சுது சார்," என்று பிரகாஷ் அவர்களை வேறு பக்கம் அழைத்துப் போனார்.

சாயங்காலமே மங்கையைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆறு வருஷமாக இருக்கிறவள், பாத்திரம் கழுவவாவது இருக்கட்டும் என்று தாமோதரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். வெல்னஸ் பவுலை வேறொருத்தன் செய்தான். தயிரை வடிகட்டாமல் அப்படியே ஊற்றினான், வாழைப்பழத்தை ஏழு மணிக்கே நறுக்கி வைத்தான். கறுத்த பழத்தோடு கண்ணாடிக் கிண்ணங்கள் தொடாமலே அவளிடம் கழுவ வந்தன.

அவள் வேறொரு வேலை செய்தாள். வேலை முடிந்து போகும்போது பெண்களைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தி, தயிரைத் துணியில் எப்படிக் கட்டுவது, எதை எப்போது நறுக்குவது என்று சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் நாளிலிருந்து ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்தார்கள். ஒருத்தி தயிர், ஒருத்தி பழம், ஒருத்தி அவல். ஷெட் வாசலில் உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்றார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்று செக்யூரிட்டி ஒரு நாள் மறித்தார். நூற்றிருபது பேரும் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றார்கள். மணி ஆறைத் தாண்டியது. உள்ளே ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆறு பத்துக்கு அவரே வழி விட்டார்.

கேன்டீனில் இட்லி தொட ஆள் இல்லை. தினமும் அண்டா அண்டாவாகக் கொட்டினார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் பிரகாஷ் மங்கையைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஸ்டாஃப் எல்லாம் உங்க கைப்பக்குவம் வேணும்னு கேக்குறாங்க. நாளையிலேர்ந்து மறுபடியும் சமையலுக்கு வந்துடுங்கம்மா."

"வர்றேன் சார். ஆனா மஞ்சளுக்கு இல்லன்னா நீலத்துக்கும் செய்ய மாட்டேன்."

"இது மிரட்டல் மாதிரி இருக்கு."

"எப்படி வேணா வெச்சிக்குங்க. செய்யத் தெரியும். செய்ய மாட்டேன்."

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தாமோதரன் வந்து, பாத்திரத் தொட்டியருகே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாளைக்கு வண்டிய எடும்மா. எட்டேகாலுக்கு ஷெட் வாசலுக்கு. சோதனை முறையிலன்னு சொல்லிக்கீறாங்க. எழுத்துல ஒண்ணும் குடுக்கல."

மங்கை கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் வந்த மாதிரி தெரியவில்லை.

"போறதுக்கு முன்னாடி மேல போய் சாருக்கு ஒரு தேங்ஸ் சொல்லிட்டு வந்துடேன். பெரிய மனசு பண்ணிக்கீறாரு," என்றார் தாமோதரன்.

"இன்னாத்துக்கு நைனா? புடுங்குனதத் திருப்பிக் குடுத்ததுக்கா? அந்தப் பொண்ணுங்ககிட்ட அவரு வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பால பாக்கலாம்."

மங்கை தயிர்ப் பாத்திரத்தை இழுத்து வைத்து, கோபம் தீராத கையோடு தயிரைத் துணியில் கட்ட ஆரம்பித்தாள்.