வாத்துக்கால் செருப்பு, ஒரு ஜோடி

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதைவிட அது மேல்.

2007 மார்ச் மாதம். எண்ணூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோர சீட். திருவொற்றியூர் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வழக்கம்போல ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி நின்றன. அவற்றுக்கு நடுவே அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர், தலை சொட்டச் சொட்ட, அரைக்கால் சட்டையோடு ஓடினார். கையில் வாத்தின் காலைப்போல ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பின்னாலேயே துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஒரு பெண். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

நான் பார்த்தது மொத்தம் பத்து விநாடி. மீதியெல்லாம் கற்பனை. (இந்தப் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள், நானே பிறகு சொல்கிறேன்.)

2

கதையை நான் மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: ‘வங்கக் கடலின் நீல அலைகளைக் கிழித்துக்கொண்டு அந்தச் சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குள்’

இதோடு நிறுத்திவிட்டேன். துறைமுகத்துத் தண்ணீரை நீலமாக யார் பார்த்தது?

இரண்டாவதில் பெரியவர் வெள்ளைக்காரர். நம் கதைக்குள் ஒரு வெள்ளைக்காரரை விட்டால் போதும், இட்லி என்றால் என்ன என்பதில் தொடங்கி எல்லாரும் அவருக்கு விளக்கம் சொல்லப் போய்விடுகிறார்கள். நாலு பக்கம் இட்லியிலேயே போயிற்று. அவரை அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஈப்போவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற மலேசியத் தமிழர் வேதமாணிக்கத்தை வரவழைத்தேன். மனிதருக்கு ஒரே பைத்தியம், ஸ்நார்க்லிங். கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்வி, தண்ணீரில் குப்புற மிதந்தபடி அடியில் இருப்பதை வேடிக்கை பார்ப்பது. கப்பல் நிற்கும் ஊரிலெல்லாம் ஒருமுறை கடலுக்குள் தலையை விட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

(இவருடைய பாட்டன் இதே துறைமுகத்தில்தான் கப்பலேறினார் என்று எழுதக் கை பரபரத்தது. எழுதவில்லை. மனிதர் மீன் பார்க்க வந்திருக்கிறார். அவரை அழவைக்க எனக்கு என்ன உரிமை?)

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி: ‘ஆஃபியாவுக்குக் கோபம் வந்தது.’ இது நிற்கும் என்று தோன்றியது.

3

ஆஃபியாவுக்குக் கோபம் வந்தது. வயது இருபத்து மூன்று. ராயபுரத்தில் ஆறு கம்ப்யூட்டர் வைத்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. கடையில் ஈ ஓட்டும் மத்தியான நேரத்தில் அவள் கப்பல் பயணிகள் எழுதிக்கொள்ளும் ஒரு இணையதளத்தைப் படிப்பாள். ஏன் என்று கேட்காதீர்கள். சிலர் சமையல் குறிப்பு படிப்பதில்லையா, அதுபோலத்தான்.

அங்கே வேதமாணிக்கம் கேட்டிருந்தார்: ‘சென்னையில் எங்கள் கப்பல் ஒரு பகல் நிற்கும். ஸ்நார்க்லிங் செய்ய இடம் உண்டா?’ கீழே பதினோரு பதில்கள். கப்பல்காரர்களின் பஸ்ஸில் ஏறி மகாபலிபுரம் போய்விடுங்கள் என்று பத்துப் பேர். பதினோராவது ஆள் ஒருபடி மேலே போயிருந்தார்: ‘துறைமுகத்துக்கு வடக்கே பார்க்க ஒன்றுமே இல்லை.’

அவள் பிறந்தது, படித்தது, காய்ச்சலில் படுத்தது, கடற்கரையில் பட்டம் விட்டது எல்லாம் அந்த ‘வடக்கே’தான். போன வாரம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த துரை அவளுக்கு ஞாபகம் வந்தார். முகத்துவாரக்குப்பத்து மீனவர். கடலடிப் பாறையில் சிக்கும் வலைகளை முங்கி எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர்.

“கரையில நின்னு பாத்தா கலீஜாத்தான் கீது. மாசி மாசத்துல பாறையாண்ட போயி முங்கிப் பாரும்மா. கண்ணாடி மேரி கீது. கலர் கலரா மீனு. நமக்கு எங்க அதெல்லாம் பாக்க நேரம்?” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆஃபியா பன்னிரண்டாவது பதிலை ஆங்கிலத்தில் அடித்தாள்: ‘இருக்கிறது. நானே அழைத்துப் போய், கப்பல் புறப்படுமுன் கொண்டுவந்து விடுகிறேன்.’ இரண்டே நாளில் வேதமாணிக்கம் அவளுக்குத் தனியாகப் பதில் போட்டார். வருகிறேன், பார்த்ததை அந்தப் பக்கத்தில் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்று.

தேதியைச் சொன்னதும் துரை, “அன்னிக்கு நான் ஃப்ரீதான்” என்றார். ஏன் ஃப்ரீ என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த விஷயம் ஆறாவது பகுதியில் நம் தலையில் விடியும்.

4

கப்பலிலிருந்து மகாபலிபுரம் பஸ்கள் எட்டு மணிக்கே போய்விட்டன. தனியாகப் போகிறேன் என்ற ஒரே பயணி வேதமாணிக்கம். துறைமுக வாசலில் அவர் பையைத் திறந்து பார்த்த அதிகாரி அந்த ரப்பர் செருப்பை வெளியே எடுத்தார்.

“இன்னா சார் இது? பர்மா பஜார்ல விக்கவா?”

“இல்லைலா, காலில மாட்டி நீந்துறது.”

“எங்க நீந்தப் போறீங்க?”

“எண்ணூர்ல.”

அந்தப் பெயரைக் கேட்டு வாசலே ஒரு நிமிடம் சிரித்தது. அதிகாரி யோசித்து யோசித்து அனுமதிச் சீட்டில் எழுதினார்: ‘வாத்துக்கால் செருப்பு, ஒரு ஜோடி. திரும்பும்போது கட்டாயம் காட்டவும்.’ (முதல் பகுதியில் அவர் எதை விட்டாலும் செருப்பை விடாமல் ஓடியதற்கு இதுதான் காரணம். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.)

வாசலுக்கு வெளியே ஆஃபியா ஏழு மணியிலிருந்து காத்திருந்தாள்.

“பசியாறிட்டியாம்மா?” என்றார் அவர்.

முதல் கேள்வியே சோற்றைப் பற்றியதாக இருந்ததில் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மணி ஒன்பதே கால். கப்பல் ஏணியைத் தூக்குவது சாயங்காலம் ஐந்துக்கு.

5

இந்தப் பகுதியில் ஒன்றும் நடக்கவில்லை. ஷேர் ஆட்டோ டிரெய்லர்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றது. உண்மையில் நடப்பதையே எழுத வேண்டுமென்றால் இங்கே ஒன்றரை மணி நேரம் வெற்றுப் பக்கம் விடவேண்டும்.

6

குப்பத்தில் படகுகள் எல்லாம் கரையில் இருந்தன. பந்தல், தோரணம், மைக் செட். மறுநாள் மாசி மகம். சாமி கடலுக்குக் குளிக்க வருகிறது. அதற்காக மூன்று நாள் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. துரை ஃப்ரீயாக இருந்தது இதனால்தான்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று ஆஃபியா கத்தினாள்.

“நீ தொயிலுக்கா கூப்ட்ட? மீனு பாக்கத்தான கூப்ட்ட?” துரைக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஊர்த் தலைவர் பரசுராமன் பந்தலிலிருந்து எழுந்து வந்தார். விசாரணை அங்கேயே தொடங்கியது.

“வலை கீதா?”

“இல்ல தலீவரே.”

“தூண்டில்? ஐஸ் பொட்டி?”

“ஒண்ணும் இல்ல. கண்ணாடியும் கொயாயும்தான்.”

“அப்ப இன்னாத்துக்குப் போற?”

“மீனப் பாக்க.”

“பாத்து?”

“பாத்துட்டு வந்துர்றதுதான்.”

மீனைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவது என்று ஒரு காரியம் உண்டு என்பதே அந்தக் கரையில் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை. கூட்டம் கூடிவிட்டது. இன்றைக்குப் பார்த்து வைத்தால் நாளை மறுநாள் பிடிக்கத் தோதாகுமே, அதுவும் தொழில்தானே என்று ஒரு கட்சி. கண்ணால் பார்ப்பதற்கெல்லாம் கட்டுப்பாடு போட்டால் ஊர் உருப்படுமா என்று இன்னொரு கட்சி. வேதமாணிக்கம் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டி, நடுவில் மோர் வாங்கிக் குடித்தார். ஆஃபியா அடிக்கொருதரம் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் ஒன்றுமே பார்க்காமல் திரும்பினால், அந்தப் பதினோராவது ஆள் சொன்னதுதான் நிஜமென்று ஆகிவிடும்.

பன்னிரண்டு மணிக்குப் பரசுராமன் தீர்ப்புச் சொன்னார்.

“வலை ஏத்தாத போட்டு தொயிலுக்குப் போற போட்டு இல்ல. போலாம். ஆனா திரும்பி இதே கரைக்கு வந்து, என் கண்ணு முன்னால போட்டத் தொடச்சிக் காட்டணும். ஒரு செதிலு இருந்துச்சின்னா பாத்துக்க.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. கட்டுப்பாடு உடையாமல் கடலுக்குப் போக ஒரு வழி கிடைத்துவிட்டதல்லவா? துரையின் படகுக்குப் பின்னால் இன்னும் மூன்று படகுகள் இறங்கின. எல்லாவற்றிலும் வெறுங்கையோடு ஆட்கள். கடலோடேயே வளர்ந்தவர்கள், முதல்முறையாக வேலை இல்லாமல் கடலுக்குப் போனார்கள்.

7

கடல் அன்று ஒரு

(உவமை தேடியதில் இரண்டு நாள் போயிற்று. விட்டுவிட்டேன். கடல் கடலாக இருந்தது, தெளிவாக இருந்தது.)

தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிய, வேதமாணிக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தார். ஐந்து நிமிடம் அசைவே இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று ஒருவர் பயந்தார். பிறகு தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, “அடேயப்பா!” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு நாலு படகிலும் விசிலடித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதித்துப் பார்த்தார்கள். “இம்மாம் பெரிய களவா மீனு. சும்மா வுட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி செருப்பாலயே அடிப்பா” என்று ஒருவர் அழாக்குறையாகச் சொன்னார்.

“இப்ப நீ பாரும்மா” என்று வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றி ஆஃபியாவிடம் நீட்டினார். அவளுக்கு நீச்சல் தெரியாது. துரை லாரி டியூப் ஒன்றைப் போட்டு, அவள் அதில் கவிழ்ந்து படுக்க, விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “புட்சிகினு கீறேன், பயப்படாத.”

மூன்று தெரு தள்ளினால் கடல் என்று வளர்ந்தவள். இருபத்து மூன்று வருடத்தில் கடலை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறாள். முகத்தை உள்ளே வைத்தாள். பச்சையும் ஊதாவுமாகக் கிளிமீன்கள் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தன. ஒரு கணவாய் மீன் அவளைப் பார்த்ததும் பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியது. ஒதுங்கிப் போய், யோசித்து, மறுபடி பழுப்பானது. கொறிக்கும் சத்தம்கூடக் காதில் கேட்டது. இவ்வளவும் இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. அவள் குழாயை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள், உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

“அங்கிள், கீது! அங்கிள், கீது!”

அந்த நிமிடத்தில் அவளைவிடச் சந்தோஷமான ஆள் துறைமுகத்துக்குத் தெற்கேயும் இல்லை, வடக்கேயும் இல்லை.

மணி இரண்டு என்பதை யாரும் கவனிக்கவில்லை.

8

கரைக்கு வந்தபோது மூன்று. நாலு படகையும் பரசுராமன் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். ஒரு செதில்கூட இல்லை. மூன்றரை. (படகிலேயே துறைமுகத்தை ஒட்டிய காசிமேடு வரை போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கரைக்கு வந்து காட்டியாக வேண்டும் என்பது தீர்ப்பு. மறுபடி இறக்க மறுபடி ஒரு பஞ்சாயத்து வைக்கவேண்டும்.) ஆட்டோ பிடித்து, திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர் வரிசையில் சிக்கி, இறங்கி ஓடத் தொடங்கியபோது நாலு இருபது.

இப்போது அந்தப் பொய். நான் பஸ்ஸில் இல்லை. என் பழைய ஸ்கூட்டரில் இருந்தேன், பின்சீட் காலி. ஆஃபியா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், அஞ்சு மணிக்குக் கப்பலு. நான் வாக்கு குடுத்துட்டேன். இவர மட்டும் கொண்டுபோய் வுட்ருங்க சார்.”

கற்பனை என்று சொன்னதும் பாதிதான் நிஜம். ஈப்போ, களவா, மோர், தீர்ப்பு எல்லாம் பின்சீட்டிலிருந்து வேதமாணிக்கம் என் காதில் கத்தியது. அவருக்குத் தெரிந்திருக்க முடியாத இடங்களை மட்டும் நான் நிரப்பினேன். அந்தச் செருப்பு என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. “கப்பல்ல ஏறினதும் முதல் வேலை, அந்தப் பதினோராவது ஆளுக்குப் பதில் எழுதப்போறேன் சார். நீங்க பார்த்திருக்கீங்களா, உள்ள?” என்றார்.

பதினெட்டு வருடமாக இதே ரோட்டில் போய் வருகிறேன். புகையையும் தூசியையும் திட்டியபடி, கடல் இருக்கும் இடது பக்கம் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன்.

9

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கப்பல் போய்விடுகிறது. வேதமாணிக்கம் குப்பத்துக்கே திரும்பி, மறுநாள் சாமியோடு சேர்ந்து தாமும் கடலில் குளிக்கிறார். மற்றதில் அவர் செருப்பைக் காட்டிவிட்டு ஏணியில் ஏறுகிறார். இரண்டு நாள் கழித்து, ராயபுரத்தில் ஆறாவது கம்ப்யூட்டரில், பதின்மூன்றாவது பதில் திறக்கிறது.

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆஃபியா இன்னும் அந்த ரோட்டு ஓரத்தில்தான் ஈரத் துப்பட்டாவோடு நின்று, ஸ்கூட்டர் மறைந்த திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கே தெரியாததை உங்களுக்கு முதலில் சொல்வது நியாயமில்லை. தவிர, அது இப்போது என் கையிலும் இல்லை. மணி நாலு முப்பத்தேழு. வாசலுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். முன்னால் ஒரு டிரெய்லர், அதற்குப் பக்கத்தில் நீங்கள். ஆமாம், நீங்கள்தான். இவ்வளவு நேரமும் கதை படித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறீர்கள்.

ஹாரன் அடிக்கிறேன், கேட்கிறதா? கொஞ்சம் ஓரம் கட்டுங்க சார். அந்தப் பக்கம் இடம் கீது.