தன்னார்வலர் நாற்பத்தொன்று

மேனேஜர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்; வீட்டோடு வந்துவிட்ட பிறகும் அந்த வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். தையலம்மா என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. துணிக்கட்டு கீழேயிருந்து மேலே ஏற வேண்டும், தைத்து முடித்த கட்டு மேலேயிருந்து கீழே இறங்க வேண்டும். இரண்டுக்கும் அவள்தான். மேனேஜர் மாடிப்படியின் மேல்முனையில் நின்றுகொண்டு, எந்தப் படியில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்.

ஒருநாள் தையலம்மாவின் அக்கா ஸ்டூலில் ஏறி ஜன்னலைத் துடைத்துவிட்டு இறங்கும்போது இடுப்பெலும்பு முறிந்து விழுந்தாள். விழுந்ததால் முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தாள், எலும்பு அவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று டாக்டர் சொன்னார். தங்கைக்கு அது மனதில் முள்ளாகக் குத்திவிட்டது. அக்காவைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியிலேயே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: எலும்பு மெலிவுக்கு ஒரு புதிய ஊசி மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அறுபது வயது தாண்டிய தன்னார்வலர்கள் தேவை. அவள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

குறித்த நாளில் மேனேஜரும் கூடக் கிளம்பினார். தனியாகப் போனால் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் முழிப்பாள் என்பது அவர் கணிப்பு.

ஆய்வுப் பிரிவு ஒரு நீள அறை. சுவரோரம் பதினோரு நாற்காலிகளில் பதினோரு பெண்கள். நர்ஸ் தையலம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மேனேஜர் பதில் சொன்னார். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்று கேட்டபோதும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டு, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். ஆய்வுக்கு ஆண்களும் வேண்டும், ஆனால் இது பொம்பளைங்க வியாதி என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஐயா விருப்பப்பட்டால் ஸ்கேன் எடுக்கலாம் என்றாள். மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல எலும்பு எப்படி இருக்கும் என்று இவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகப் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. தையலம்மாவின் எலும்பு நாற்பது வயதுக்காரியின் எலும்பு. ஆய்வுக்குத் தகுதி இல்லை. மேனேஜருக்கு எலும்பு அடர்த்தி மதிப்பெண் மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது. மைனஸ் இரண்டரையைத் தாண்டினாலே நோய்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பெயரை மாற்றி ஒட்டியிருப்பீர்கள் என்று சாதித்தார். நர்ஸ் மறுபேச்சு பேசாமல் அவரைத் திரும்பவும் படுக்க வைத்து எடுத்தாள். இந்தத் தடவை மைனஸ் மூன்று.

"எப்படிங்க? வாழ்க்கையில நான் ஒரு நாள்கூட பாரம் தூக்கினதில்லையே" என்றார் மேனேஜர்.

"அதனாலதாங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

எலும்புக்கு வேலை கொடுத்தால்தான் அது கெட்டிப்படும் என்று அவள் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சம்மதப் படிவம் இருபத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களை முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் போட வைத்தவர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர், யாருக்கு எது என்று ஊசி போடுகிறவளுக்கே தெரியாது என்றார்கள். அதிலும் அவருக்கு வியப்பில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் தெரியாத பாலிசிகளை அவர் ஆயிரக்கணக்கில் விற்றிருந்தார். அவருக்கு நாற்பத்தொன்று என்று எண் கொடுத்தார்கள்.

அவமானம் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அது தியாகமாக மாறிவிட்டது. முடிவெட்டுகிறவரிடம், மருந்துக்கடைக்காரரிடம், மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், வருங்காலச் சந்ததிக்காகத் தன் உடம்பை ஒப்புக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். முன்பு சோம்பலில் செய்யாமல் விட்டதையெல்லாம் இப்போது கொள்கைக்காகச் செய்யாமல் விட்டார். பால் பாக்கெட்டை எடுத்து வரச் சொன்னால், "இது ஆராய்ச்சிக்குக் கொடுத்த உடம்பு, ஏதாவது ஆச்சுன்னா அவங்களுக்கு யார் பதில் சொல்றது" என்பார்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. தன்னார்வலர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். எத்தனை அடி நடந்தார், எத்தனை மாடி ஏறினார், எப்போது எழுந்தார் என்று அது குறித்துக்கொள்ளும். மருந்தின் பலன் எது, உடலசைவின் பலன் எது என்று பிரித்துப் பார்க்க அது வேண்டுமாம். ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் கிர்ரென்று அதிரும். மேனேஜர் மணிக்கட்டில் அது நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. பேப்பர் படிக்க விடவில்லை, மத்தியானம் கண்ணசர விடவில்லை. பத்தாம் நாள் அதைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"நீதான் எப்படியும் நடக்கிறியே. நீ கட்டிக்கோ."

"பொய்க்கணக்கு ஆகாதுங்களா?"

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு. இதுல என்ன உன் கணக்கு என் கணக்கு."

அவள் கட்டிக்கொண்டாள். மறுத்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் பட்டையைத் தொட்டுப் பார்த்தபோது பதினான்காயிரத்து இருநூறு அடி, பத்தொன்பது மாடி என்று காட்டியது. இத்தனை வருடத்தில் அவள் வேலையை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மறுநாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாள் வேலையெல்லாம் முடிந்த பிறகு, எண்ணைக் கொஞ்சம் ரவுண்டாக்குவதற்காக ஒருமுறை கீழே போய்விட்டுக்கூட வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் பட்டை மேனேஜர் கைக்கு மாறும். மூன்றாம் மாதம் நர்ஸ் கம்ப்யூட்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறாம் மாதம் பெரிய டாக்டரே வெளியே வந்து கைகுலுக்கினார். இந்த வயதில் இப்படி ஓர் உழைப்பாளியைத் தான் பார்த்ததேயில்லை, ஆய்விலேயே முதலிடம் இவருக்குத்தான் என்றார். எலும்பு மட்டும் ஏனோ அசைந்துகொடுக்கவில்லை, அதற்கும் ஏதாவது ஆழமான காரணம் இருக்கும், அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம் என்றார். மேனேஜர் அடக்கமாகத் தலைகுனிந்தார். அவர் தலைகுனிந்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

புதிதாகச் சேரவிருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்பத்தொன்று வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார் டாக்டர். மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையேறினார். கீழே ஐம்பது பேர்: கைத்தடி, முதுகுப்பட்டை, மாவுக்கட்டு. தையலம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் ஓர் அம்மாள், மணிக்கட்டு முறிந்து அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தவள்.

மேனேஜர் நாலு வார்த்தை என்பதை நாற்பது நிமிடமாக எடுத்துக்கொண்டார். ஒழுக்கம் என்றார், உழைப்பு என்றார், உட்கார்ந்தே இருப்பவர்களைப் பார்த்தால் தனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்றார். தையலம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

பிறகு டாக்டர் திரையில் வரைபடத்தைக் காட்டினார். ஐயா காலை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுகிறார் பாருங்கள் என்றார். ஒன்பது மணிக்கு எழுந்திருப்பவர் பலமாகத் தலையாட்டினார். தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை கை சீராக, சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருக்கிறதே, அது என்ன பயிற்சி என்று டாக்டர் ஆவலாகக் கேட்டார்.

மேனேஜர் ஒரு நொடி விழித்தார். ஆனால் பதில் தெரியாததற்காகப் பேசாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. அது தானே கண்டுபிடித்த கைப்பயிற்சி என்றார். செய்து காட்டுங்களேன் என்றார் டாக்டர்.

மேனேஜர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முறத்தில் எதையோ புடைப்பதுபோல் ஆட்ட ஆரம்பித்தார். டாக்டர் சபையைப் பார்த்து, எல்லோரும் கூடச் செய்யலாமே என்றார். கைத்தடிகள் கீழே சாய்ந்தன. ஐம்பது பேரும் ஆட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் வேகம் போதுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வேகமாக என்றார் மேனேஜர்.

தையலம்மா அதுவரை பொறுத்துக்கொண்டாள். புருஷன் பொய் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் பக்கத்து அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அந்த ஒட்டவைத்த மணிக்கட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். தையலம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள்.

"விடுங்கம்மா. இது பயிற்சியெல்லாம் இல்ல. நான் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அறை அடங்கிவிட்டது. நர்ஸ் அவளருகே வந்து இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பட்டை கட்டியிருந்த இடம் வெளுத்துப் பட்டையாகவே தெரிந்தது. மேடையில் மேனேஜர் கைகள் இன்னும் முன்னால் நீட்டியபடியே இருந்தன. அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டருக்குக் கோபம்கூட வரவில்லை. எழுதாத கட்டுரையைப் பறிகொடுத்தவராகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருவரும் வீடு திரும்பினார்கள். இரண்டாவது மாடியில் மேனேஜர் மூச்சுவாங்க நின்றார்.

"நாலு பேர் முன்னாடி இப்படிப் பண்ணிட்டியே."

"ஐம்பது பேருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறிப் போனாள்.

ஆய்விலிருந்து அவரை நீக்கிக் கடிதம் வந்தது. தனக்குப் போட்டது மருந்தா உப்புத்தண்ணீரா என்று அவர் போன் செய்து கேட்டார். ஆய்வு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை யாருக்கும் தெரியாது என்றாள் நர்ஸ். வெளிநோயாளிப் பிரிவில் வழக்கமான மாத்திரை கொடுத்து, தினமும் படி ஏறுங்கள், தாங்குகிற அளவு பாரம் தூக்குங்கள் என்று ஒரு சின்ன டாக்டர், தலையைக்கூட நிமிர்த்தாமல், சொல்லி அனுப்பினார்.

தையலம்மாவுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அறுபது தாண்டியும் எலும்பு கெட்டியாக இருக்கிற பெண்களைத் தனியாக ஆராயப்போகிறார்கள், அவள் சேர முடியுமா என்று கேட்டார்கள். ஆறு மாதப் பதிவு கையில் இருந்தும் அவள் சம்மதமில்லாமல் டாக்டர் அதைத் தொட முடியாதாம். இந்தப் படிவமும் இருபத்திரண்டு பக்கம். அவள் இரண்டு நாள் தையலை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வரி விடாமல் படித்தாள். மேனேஜர் விளக்கம் சொல்ல வந்தார். படித்து முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடவில்லை. பதினேழாம் பக்கத்தில் இரண்டு கேள்வி எழுதி வைத்துக்கொண்டு, நர்ஸிடம் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டாள்.

இப்போது துணிக்கட்டில் பாதியை மேனேஜர் சுமக்கிறார். மாடிக்கு மாடி நிற்கிறார். போன வாரம் முதல் மாடிக்காரர், என்ன சார் மூட்டையெல்லாம் தூக்குறீங்க என்று கேட்டார். மேனேஜர் கட்டைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க வீட்ட ஆராய்ச்சிக்கு எடுத்திருக்காங்க" என்றார்.

யாரை என்று அவர் சொல்லவில்லை. பின்னாலேயே ஏறிவந்த தையலம்மாவும் திருத்தவில்லை. கீழே இன்னும் ஒரு கட்டு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப் போனாள்.