மூன்றாம் வாங்கு

தேவாலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்க முன்வரிசை எழும்பியது. இரண்டாம் வரிசையும் எழும்பியது. மூன்றாவது மரஇருக்கையான அந்த வாங்கின் ஓரத்தில் தங்கரத்தினம் மட்டும் எழும்பவில்லை. ஜவுபர் ஹாஜியாரின் ஆலையில் நெல் அவித்துக் காயவைக்கிறவள், முழங்கால் ஏலாதாக்கும் என்று நினைத்து மற்றவர்கள் விலகிப் போனார்கள். அதுவல்ல. அவளுடைய விரல் ஆராதனைப் புத்தகத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டது. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வா என்கிற வரி. மாதாமாதம் போதகர் அதை வாசிப்பார், சபை ஒரே மூச்சில் ஆமென் சொல்லிவிட்டு எழும்பிப் போகும். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் பழகியவளுக்கு அப்படி ஓட வராது. ஒவ்வொரு சொல்லாக ஊன்றித்தான் போவாள். ஊன்றிப் போனால் அது ஆளை விடுகிற வரி இல்லை.

பதினொரு நாளாகப் புருசன் மனுவேல் அவளோடு கதைக்கவில்லை. மஜீட் என்பவரின் மீன்பிடி வள்ளத்தோடு மூன்று மாதம் பொத்துவிலில் தொழில் செய்ய ஒத்துக்கொண்டவன், அதை வீட்டில் சொல்லவில்லை. ஆலை முற்றத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டே, கூட வேலை செய்கிற பரீனாதான் சொன்னாள்.

"என்ன புள்ள, ஒண்ட ஊட்டுக்காரர் பொத்துவிலுக்குப் போறாராமே. ஒனக்குத் தெரியாதா? எங்கட கோழிக்கும் தெரியுமே!"

அன்று பின்னேரம் கிணற்றடியில், நாலு பேர் பார்க்க, "எனக்கு ஒரு சொல் சொல்லப்படாதா?" என்று அவனிடம் கேட்டாள். அதோடு அவன் வாய் பூட்டிக்கொண்டது. பசித்தால் முற்றத்தில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்து, "சோறு வைக்கச் சொல்லு" என்பான். உடுக்கிற சாறனைக் காணாவிட்டால், "எங்க வெச்சவ எண்டு கேளு" என்பான். ஆடு அவளைப் பார்க்கும். முதல்நாள் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இப்போது வரவில்லை. விடிந்தால் திங்கள், அவனைப் பொத்துவிலுக்கு ஏற்றிப்போகிற வான் வண்டி வந்துவிடும்.

சபை மூப்பர் கனகரெத்தினம் குனிந்து வந்தார்.

"எழும்பு புள்ள. சனம் பாக்குது."

"பாக்கட்டும் ஐயா. பொய்க்கு முழங்கால் போடமாட்டன்."

"புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். பொம்புளதான் பொறுத்துப் போகணும்."

"பொறுத்துத்தான் இருக்கன். இந்த வாங்குல."

அவள் கை தானாக இடது முழங்கைத் தழும்பைத் தடவியது. சுனாமி வந்த காலையிலும் அவனுக்கு இதே ஊமைக் கோபம்தான். விடியமுதல் வயலுக்குப் பசளை எறிய, கடலுக்கு எட்டாத சாகாமம் ஊருக்குப் போனவன் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தியில் காய்ந்த தலையோடும் சேற்றுக் காலோடும் வந்து, கையில் என்ன என்று கேட்டான். தகரம் வெட்டினது என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

தங்கரத்தினம் எழும்பினாள். முன்னே போகவில்லை. மனுவேல் இருந்த ஆண்கள் பக்கம் திரும்பினாள். ஆலை இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல் அது.

"இஞ்சாருங்க. சுனாமி அண்டைக்கு எல்லாச் சனமும் றோட்டுப் பக்கம் ஓடக்குள்ள, நான் ஏன் கடலுக்கு ஓடினன் எண்டு தெரியுமா? நீங்க வலையடியில நிக்கிறீங்க எண்டு நினைச்சு, ஒங்களத் தேடித்தான். சாகாமம் போறன் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா இந்தக் கை கிழிஞ்சிருக்காது. நானும் இவ்வளவு காலம் சொல்லாம இருந்தது என்ட பிழை. இண்டைக்குச் சொல்லிட்டன். இனி நீங்க சொல்லணும். சொல்லாம வான்ல ஏறினா, திரும்பி வரக்குள்ள கதவு திறக்காது."

அப்பத் தட்டோடு போதகர் அப்படியே நின்றார். மனுவேல் எழும்பினான். உப்பில் வெடித்த குதிகாலை ஊன்றி, நடுவழியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தான். முகம் கறுத்திருந்தது. அவளைப் பார்க்காமல் மூப்பரைப் பார்த்தான்.

"ஐயா, இவகிட்டச் சொல்லுங்க..."

"ஏன், ஐயா என்ன ஆடா?" என்றாள் தங்கரத்தினம்.

பின்வரிசை வாங்கில் யாரோ குபீரென்று சிரித்து வாயைப் பொத்தினார்கள். மனுவேலின் கை வாங்கின் நுனியைப் பிடித்தது. அவன் கண் முதன்முறையாக அந்தத் தழும்பின் மேல், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, மெதுவாக இறங்கி வந்தது. உதடு அசைந்தது. சத்தம் இன்னும் வரவில்லை. அவள் உட்காரவில்லை, முன்னே போகவுமில்லை. புத்தகம் திறந்தபடி இருந்தது. விரல் அந்த வரியிலேயே இருந்தது.